அடியில் படிந்த மஞ்சள்

இரட்டைப் பிள்ளைகளில் இளையவள் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிவிட்டாள். ஷர்லி திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்து, கடைசியில் அந்தப் பிள்ளையின் அம்மாவைக் கேமராவுக்குப் பின்னால் நின்று பேச்சுக் கொடுக்கச் சொன்ன பிறகுதான் ஒரு படம் தேறியது. அதைப் பாஸ்போர்ட் அளவில் போட்டு, வெட்டி, உறையில் வைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினால், வாசலோரம் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடந்தது.

"மாமா?"

பின்கட்டில் இல்லை. பாத்ரூம் கதவு திறந்திருந்தது. தெருவில் இறங்கிப் பார்த்தாள். பூ ஏலம் முடிந்து மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆட்களும் டூவீலர்களுமாகக் கீரமங்கலம் கடைவீதி அடைத்துக் கிடந்தது. அந்தக் கூட்டத்துக்குள் மாமாவின் வழுக்கைத் தலை எங்கும் தெரியவில்லை.

மாமனார் சவரியப்பனுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டது. பேச்சு தேறவில்லை. நினைவும் விட்டுவிட்டுத்தான் வந்தது. எதைக் கேட்டாலும் "சரி" என்பார். பேர் கேட்டாலும் சரி, பசிக்கிறதா என்றாலும் சரி. முப்பது வருஷம் மீன் வண்டி ஓட்டி மாவட்டம் முழுக்கச் சுற்றியவர், இப்போது ஸ்டூடியோ வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஷர்லி வேலை பார்த்துக்கொண்டே ஒரு கண்ணை அவர்மேல் வைத்திருப்பாள். இத்தனை நாளில் அவர் நாற்காலியை விட்டு எழுந்து தனியாகப் போனதில்லை.

அவள் புருஷன் பெலிக்ஸ் துபாயில் ஒரு ஸ்டூடியோவில் ஆல்பம் வடிவமைக்கிற வேலைக்குப் போயிருந்தான். முந்தின நாள்தான் அவனோடு வேலை பார்க்கும் ஒருவர் ஊருக்கு வந்தபோது அப்பாவுக்கென்று ஒரு சட்டை கொடுத்துவிட்டிருந்தான். இலைப்பச்சை நிறம். காலையில் அதைப் போட்டுவிட்டு, விளக்குகளுக்கு நடுவில் உட்காரவைத்து மொபைலில் ஒரு படம் எடுத்தாள் ஷர்லி. பெலிக்ஸுக்கு அனுப்ப நினைத்த நேரத்தில் இரட்டைப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

பக்கத்துக் கடைக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பூக்கமிஷன் கடைகள், மாதா கோவில், பேருந்து நிற்கும் இடம், தென்னந்தோப்புகள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இரண்டு பையன்கள் குளத்துக் கரையைச் சுற்றி வந்து, "தண்ணி கணுக்கால் அளவுதான்க்கா கெடக்கு" என்றார்கள். அதைக் கேட்டதும்தான், அவர்கள் எதைத் தேடிக் குளத்துக்குப் போனார்கள் என்பது அவளுக்கு உறைத்தது. தோப்புகளுக்குள் சுவர் இல்லாத கிணறுகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணம் ஓட ஆரம்பித்தது. நிறுத்த முடியவில்லை.

பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் நிஜாம் அறந்தாங்கியில் சரக்கு எடுத்துவிட்டு அப்போதுதான் வந்து இறங்கினான். ஷர்லியைவிட இரண்டு மூன்று வயது இளையவன். விஷயம் தெரிந்ததும் பையைக்கூட உள்ளே வைக்கவில்லை.

"போட்டோ ஒண்ணு போட்டுத் தாங்கக்கா. கீழ பேரு, வயசு, நம்பர் எல்லாம் இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டுல ஒட்டுறேன், ஸ்டேசன்லயும் குடுத்துர்றேன். ஒங்க நம்பர் வேணாம், என் நம்பரப் போடுங்க. நீங்க எத்தன போனுக்குப் பதில் சொல்லுவீங்க?"

பாஸ்போர்ட் படம் போடுகிற சின்ன மிஷினில் பெரிய தாள் போகாது. காலையில் எடுத்த படத்தைப் பெரிதாகப் போட, உள்ளறையில் துணி போட்டு மூடியிருந்த பெரிய பிரிண்டரைப் போட்டாள். கல்யாண ஆல்பத்துக்கென்று பெலிக்ஸ் ஆசைப்பட்டு வாங்கியது. வெகுநேரம் உறுமிவிட்டுத் தாளை இழுத்தது. முகம் தெளிவாக விழுந்ததா, நம்பர் சரியா என்பதை மட்டும்தான் பார்த்தாள். கண் கலங்கி இருந்தது. ட்யூப்லைட்டும் ஒருமாதிரி மினுக்கிக்கொண்டிருந்தது. வரவரத் தாள்களை எடுத்து நிஜாம் கையில் கொடுத்தாள்.

நிஜாம் அதில் ஒன்றைக் கடை மேசையில் வைத்து மொபைலில் படம் பிடித்தான். கீழே தட்டச்சு செய்து, பூ வியாபாரிகள், வேன் ஓட்டுநர்கள், ஜமாத்து, மாதா கோவில் பங்கு மக்கள் என்று தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினான். பிறகு பசை டப்பாவோடு பைக்கில் கிளம்பிப் போனான்.

பெலிக்ஸிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஷர்லி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் கிடைத்துவிடுவார், கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் அவனே கூப்பிட்டுவிட்டான்.

"அப்பாவக் காணோமா?"

அவள் வாசலோர நாற்காலியைப் பார்த்தாள்.

"பங்கு குரூப்புல பாத்துதான் எனக்குத் தெரியணுமா ஷர்லி? எப்பலேருந்து காணோம்?"

"காலையிலேருந்துங்க. கஸ்டமர் வந்தாங்க, திரும்பிப் பாத்தா..."

"நான் குடுத்துவிட்ட சட்டையக்கூடப் போட்டுவிடலையா?"

அந்த நேரத்தில் அந்தக் கேள்வி அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு சட்டையைப் போட்டுவிடக்கூட உனக்கு நேரமில்லையா என்று கேட்பதாகத்தான் பட்டது.

"போட்டுத்தாங்க விட்டேன்" என்றாள். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. அவன் ஏதோ சொன்னான். விட்டுவிட்டுக் கேட்ட குரல் அத்தோடு நின்று, லைன் அறுந்துபோயிற்று.

மதியம் யாரோ இட்லி வாங்கி வைத்தார்கள். அவள் தொடவில்லை. ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் எழுந்து போய்ப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் ஒன்று சைரன் போட்டுக்கொண்டு பேராவூரணி ரோட்டுப் பக்கம் போனது. அது திரும்பி வருகிறதா என்று வெகுநேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ ஆரம்பித்தபோது நிஜாம் திரும்பினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆலங்குடி, அறந்தாங்கி இரண்டு பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டிவிட்டதாகச் சொன்னான். சொம்பை வாங்கித் தண்ணீரைக் கடகடவென்று குடித்தான்.

"போன் ஏதும் வந்துச்சா தம்பி?"

"வந்துச்சுக்கா. ஒண்ணும் நம்மாளு இல்ல. ஆலங்குடியில ஒருத்தரப் பாத்ததாச் சொன்னாங்க, அவரு தாடி வச்ச ஆளு. அப்பறம் கோட்டப்பட்டினத்துலேருந்து ஒரு அம்மா பேசுனாங்க. வயசு, வழுக்க எல்லாம் அப்படியே ஒத்து வருது. எது கேட்டாலும் சரி சரிங்குறாராம். ஆனா போட்டிருக்கறது பச்சச் சட்டையாம், அம்புட்டுத் தூரம் மாமா தனியா எப்படிப் போயிருப்பாருன்னும் தோணுச்சு. நம்மாளு நீலச் சட்டைம்மா, இவரு வேற யாரோன்னு சொல்லி வச்சுட்டேன்."

ஷர்லி அவனையே பார்த்தாள்.

"யாரு நீலச் சட்டை?"

"மாமாதான். நீங்க போட்டுக் குடுத்த போட்டோவுலயே..."

மிச்சமிருந்த தாளை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு ஓடினாள். சட்டை வெளிர் நீலமாக இருந்தது. வானத்தின் நீலம். மாமாவின் மாநிற முகம் ஊதா கலந்த சிவப்பில், வேறு யாரோ ஒருவரின் முகம் மாதிரி இருந்தது. மஞ்சள் இறங்கவே இல்லை. மஞ்சள் சேராவிட்டால் பச்சை எங்கிருந்து வரும்?

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பெலிக்ஸ் கிளம்புவதற்கு முன்னால் அந்த மிஷினைப் பற்றி அரைநாள் பாடம் எடுத்திருந்தான். "இதுல ஊத்துறது சாதா மை இல்ல ஷர்லி. பொடிய நைசா அரைச்சுத் தண்ணியில மெதக்க விட்டிருக்கான். சும்மா கெடந்தா மண்டி மாதிரி அடியில எறங்கிடும். ஆர்டர் இருந்தாலும் இல்லைன்னாலும் வாராவாரம் எல்லாக் கலரும் இருக்கற மாதிரி ஒரு படம் போட்டுரு. நாள் ஆயிருச்சுன்னா டப்பாவக் கழட்டி, புள்ளைய ஆட்டுற மாதிரி மெதுவா இப்பிடியும் அப்பிடியும் சாச்சு ஆட்டு. குலுக்கிறாத, நுரை கட்டிக்கும்." முதல் சில வாரம் அவள் மறக்காமல் செய்தாள். ஆடி பிறந்து கல்யாண ஆர்டர் நின்றதும் துணி போட்டு மூடினாள். மாமாவைக் குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, கடை, சமையல் என்று நாள் ஓடியதில் அந்தத் துணியை எடுக்கவே இல்லை.

"அக்கா, மொதல்ல அந்த அம்மாவுக்குப் போனப் போடுவோம்" என்றான் நிஜாம். நம்பரைத் தேடி எடுத்து ஸ்பீக்கரில் வைத்தான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டான். மூன்றாவது தடவைதான் எடுத்தார்கள்.

"காலையில பேசுனீங்களேம்மா, பச்சச் சட்டை போட்ட பெரியவருன்னு. அவரு எங்களுக்கு வேண்டியவருதாம்மா. படத்துல கலரு மாறிப்போச்சு. இருக்காரா?"

"அடடா" என்றது ஒரு பெண் குரல். "இம்புட்டு நேரம் இங்கதான் இருந்தாருங்க. நம்ம கடையிலதான் உக்கார வச்சிருந்தேன். அசர் தொழுவ உள்ள போயிட்டு வந்து பாக்குறேன், ஆளக் காணோம். நானும் அங்கிட்டும் இங்கிட்டும் ஆளு விட்டுத் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். வெரசா வாங்க."

நிஜாம் தன் மச்சானைக் காரோடு வரச்சொன்னான். டீசல் போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார். ஷர்லி காலையில் எடுத்த படத்தை மொபைலிலிருந்தே அவனுக்கு அனுப்பினாள். பச்சைச் சட்டை என்று திருத்தி எல்லாக் குழுக்களுக்கும் மறுபடி போட்டான். ஆனால் முதலில் போன செய்தி எங்கெங்கோ கைமாறிப் போயிருந்தது. அவர்கள் அறியாத குழுக்களில் இருந்தவர்கள் இன்னமும் நீலச் சட்டையைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள். பச்சைச் சட்டைக்காரர் பக்கத்தில் நின்றாலும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள்.

"கார் வர்றதுக்குள்ள வேற தாள் போட்டுர்றேன்" என்று ஷர்லி உள்ளே போனாள்.

மூடியைத் திறந்து மஞ்சள் டப்பாவைக் கழற்றினாள். பிடித்து ஓங்கிக் குலுக்கத்தான் கை வந்தது. அப்படிச் செய்தால் நுரை கட்டி இருப்பதும் போய்விடும். இரண்டு கையாலும் பிடித்து ஒரு பக்கம் சாய்த்தாள், நிறுத்தினாள், மறுபக்கம் சாய்த்தாள். உடம்பு முழுக்க ஓடு ஓடு என்றது, கை மட்டும் மெதுவாகப் போகவேண்டியிருந்தது. அந்தக் கறுப்பு டப்பாவுக்குள் அடியில் கிடப்பது கரைகிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. கோட்டைப்பட்டினம் கடலும், படகுகளும், படகுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியும் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தன. பேச்சு வராதவர் தண்ணீரில் விழுந்தால் யாரைக் கூப்பிடுவார்?

டப்பாவை மாட்டிச் சுத்தம் செய்கிற பொத்தானை அமுக்கினாள். மிஷின் நிதானமாக மூச்சு வாங்கியது. சோதனைத் தாளில் மஞ்சள் கோடுகள் பாதிக்குமேல் விட்டுவிட்டு இருந்தன. இன்னொரு முறை ஓட்டினாள். அடுத்த தாளில் ஒன்றிரண்டு கோடுகளைத் தவிர எல்லாம் விழுந்திருந்தன. வெளியே ஹாரன் அடித்தது.

"அக்கா, வண்டி வந்துருச்சு."

"ரெண்டு நிமிசம் தம்பி."

இந்தத் தடவை தாள் முழுதாக வெளியே வரும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் நெற்றி வந்தது, மாநிறம். பிறகு காலர். பச்சை. கையில் கிடைத்தவரை எடுத்துக்கொண்டு, ஷட்டரை இழுத்துவிட்டு ஏறினாள்.

அறந்தாங்கி தாண்டி நாகுடி வழியாகப் போனார்கள். எதிரே வந்த ஒவ்வொரு பேருந்தின் ஜன்னலையும் அவள் பார்த்துக்கொண்டே போனாள். பெலிக்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டான். எடுத்து, "கோட்டப்பட்டினத்துல பாத்தாங்களாம், போயிக்கிட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். மையைப் பற்றிச் சொல்லவில்லை.

போன் செய்த ரோஷன் பேகத்தின் கடை துறைக்குப் போகிற ரோட்டில் இருந்தது. கருவாட்டுக் கடை. ஐம்பது வயதிருக்கும், முந்தானையால் தலையை மூடியிருந்தார். கார் நின்றதும் அவரே ஓடி வந்தார்.

"காலையில அறந்தாங்கி பஸ்ஸுல வந்து எறங்குனாருங்க. வெயில்ல நின்னுக்கிட்டே இருந்தாரு. பேரு கேட்டேன், சரின்னாரு. ஊரு கேட்டேன், அதுக்கும் சரின்னாரு. சோறு போட்டேன், நல்லா சாப்புட்டாரு. எங்க ஜமாத்து குரூப்புல வந்த படத்தப் பாத்துட்டுத்தான் போன் பண்ணுனேன். இல்லன்னு சொல்லிட்டாங்க."

"இல்லைன்னு சொன்ன பொறவும் வச்சிருந்தீங்களாம்மா?" என்று கேட்டாள் ஷர்லி.

"ஒங்களுது இல்லைன்னா வேற யாராச்சும் தேடிக்கிட்டு இருப்பாங்கல்ல. அதுக்காக ரோட்டுலயா விடமுடியும்?" என்றவர், உடனே, "பேச நேரம் இல்ல, வாங்க. எம் மவன் சாதிக் பாட்சாவ வடக்குப் பக்கம் அனுப்பிருக்கேன். நாம தொறைக்குப் போவோம்" என்றார்.

துறையில் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. ஏலம் முடிந்து ஈரமாகக் கிடந்த சிமெண்டுத் தரையில் ஷர்லியின் செருப்பு வழுக்கியது. படகுகளுக்கு நடுவில் டீசல் மிதந்த தண்ணீரை ஒவ்வொரு இடமாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனாள். ஒரு இடத்தில் பச்சையாக ஏதோ மிதந்தது. குனிந்து உற்றுப் பார்த்தாள். கிழிந்த வலை.

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் நிஜாம் பேசப் போனான். "நீலச் சட்டைக்காரருதானே, மெசேஜு வந்துச்சு. இங்கிட்டு யாரும் வரலையே" என்றார் ஒருவர். ஷர்லி புதுத் தாளை நீட்டினாள். அவர் வாங்கித் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர் கழுத்தை நீட்டினார்.

"இவரா? இந்தப் பச்சைய நான் பாத்தேனே. இப்பத்தான், வண்டிக்கு வழி விடாம நின்னாரு. ஒதுங்குங்கன்னேன், சரின்னாரு. பஸ் நிக்கிற பக்கம் போனாரு."

ஓடினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில், பேருந்து நிற்கும் இடத்தில் தொண்டிக்குப் போகிற பஸ் ஒன்று இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க நின்றது. கண்டக்டர் படியில் ஒரு காலை வைத்து விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். ஷர்லி கையிலிருந்த தாள்களைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள். நிஜாம் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுவிட்டான்.

சவரியப்பன் டிரைவருக்குப் பக்கத்து ஒற்றை இருக்கையில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டையில் குழம்புக் கறை ஒன்று. வேறொன்றும் ஆகவில்லை.

ஷர்லி ஏறி அவர் பக்கத்தில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"மாமா. எறங்குங்க, வீட்டுக்குப் போவோம்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. "சரி" என்றார். எழுந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

ரோஷன் பேகம் அவர் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றார். "எங்கள ரொம்பப் பயமுறுத்திட்டீங்க" என்றார். ஷர்லி அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கருவாட்டு வாசமும் வியர்வையுமாக இருந்த அந்தத் தோளில் வெகுநேரம் முகத்தை வைத்திருந்தாள்.

காரில் மாமா தூங்கிவிட்டார். பெலிக்ஸுக்கு வீடியோவில் அவர் முகத்தைக் காட்டினாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்லமுடியாது என்று அவளுக்குத் தோன்றியது. மிஷினைப் போடாமல் விட்டது, மஞ்சள் படிந்தது, காலையிலேயே போன் வந்தும் இல்லையென்று சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். முன் இருக்கையில் நிஜாம் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதான் நீலமா இருந்துச்சா" என்றான் பெலிக்ஸ். பிறகு, "மிஷின எப்படிப் பாத்துக்கணும்னு அரநாளு ஒக்கார வச்சுச் சொன்னேன். அப்பாவ எப்படிப் பாத்துக்கறதுன்னு ஒனக்கு ஒரு வார்த்த சொல்லல ஷர்லி. தனியா விட்டுட்டு வந்துட்டேன்" என்றான்.

மாமாவின் தலை சரிந்து அவள் தோளில் வந்து நின்றது.

மறுநாள் நிஜாம் போய் நீலச் சட்டைத் தாள்களைக் கிழித்துவிட்டு வந்தான். பெரிய பிரிண்டரின் துணியை ஷர்லி எடுத்து மடித்து அலமாரிக்குள் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், பூக்கடைகளை எடுத்த படம் ஒன்றை அதில் போடுவது வழக்கமாயிற்று. சம்பங்கி, செவ்வந்தி, அரளி, எல்லா நிறமும் அதில் இருக்கும்.

வாசலில் கேட் வைத்துப் பூட்டிவிடு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். வெல்டிங்காரரைக் கூப்பிட்டு அளவும் எடுத்தாள். கேட் வந்த அன்று மாமா அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு மதியம் வரைக்கும் நின்றார். அதிலிருந்து காலையில் கூட்டம் வருவதற்கு முன், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு கடைவீதியில் ஒரு சுற்றுப் போய்வருகிறாள். அவர் வேகமாகத்தான் நடப்பார். அறந்தாங்கி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பும்போது அந்தப் பக்கம் தலையைத் திருப்புவார். ஷர்லியின் விரல்கள் தாமாகவே அவர் முழங்கையில் இறுகும். பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும் கொஞ்ச தூரம் வரைக்கும் அந்தப் பிடி தளராது.